மஸ்கியை மடக்கும் ராடு

பெரிய மீனுக்கான ஃப்ளை ராடு என்னும் தூண்டில் கோலை வாங்கப் போகிறவர்கள் கடையில் அதை நாலு தடவை ஆட்டிப் பார்ப்பார்கள். அந்த ஆட்டத்தில் வளைவது நுனி மட்டும்தான். மீனை அடக்கிப் படகருகே கொண்டுவருவது அடிப்பாகத்தின் வேலை. அதை ஆட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில ஏரிகளில் வாழும் மஸ்கி மீனை எடுத்துக்கொள்வோம். ஒரு மீட்டருக்கு மேல் வளரும் வேட்டைமீன் இது. 1955இல் அம்மாநிலம் இதைத் தன் மாநில மீனாக அறிவித்தது. நீர்த்தாவரங்களுக்கு நடுவே அசையாமல் கிடந்து, இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும் ஒரே பாய்ச்சலில் கவ்வும். பத்தாயிரம் முறை வீசினால் ஒன்று மாட்டும் என்பது அங்குள்ளவர்கள் வழக்கமாகச் சொல்வது. இதற்காக மான்வால் முடியும் இறகும் கட்டிச் செய்யும் ஃப்ளை என்னும் போலி இரை ஒரு அடி நீளம்கூட இருக்கும்.

ஃப்ளை வீச்சில் ராடை வளைத்து விசையேற்றுவது இரையின் எடை அல்ல, லைனின் எடை. அதனால்தான் ராடுகளுக்கு லைனை வைத்து எண் கொடுக்கிறார்கள். 5ஆம் எண் லைனின் முதல் 30 அடி சுமார் 9 கிராம். 10ஆம் எண் 18 கிராம். 12ஆம் எண் கிட்டத்தட்ட 25 கிராம். மஸ்கிக்கு 10 முதல் 12 வரை எடுப்பார்கள். லைனின் எடைக்கு அளவுகோல் உண்டு. ராடின் விறைப்புக்கு அப்படி எதுவும் இல்லை. ஆகவே இரண்டு கம்பெனிகளின் 10ஆம் எண் ராடுகள் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை.

இந்தக் குழப்பத்துக்கு வில்லியம் ஹேன்மன் என்பவர் எளிய வழி ஒன்று கண்டார். ராடைக் கிடைமட்டமாக இறுக்கிப் பொருத்தி, நுனியில் ஒரு பையைத் தொங்கவிட்டு, 2.5 கிராம் எடையுள்ள அமெரிக்க ஒரு சென்ட் காசுகளை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். ராடின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு நுனி தாழ்ந்ததும் காசுகளை எண்ணினால் ராடின் உண்மையான பலம் தெரிந்துவிடும். நுனி சாய்ந்திருக்கும் கோணம், ராடு எந்த இடத்தில் வளைகிறது என்பதைக் காட்டும். தயாரிப்பாளரின் விளம்பரத்தைவிட இந்தக் காசுகளை நம்பலாம்.

ஆனால் அது வீச்சுக்கான சோதனை. இழுவையைப் பார்க்க லைனைத் தரையோடு பொருத்திய சுருள்வில் தராசில் கட்டி, ராடைத் தூக்கி இழுக்க வேண்டும். கை நடுங்க இழுத்தாலும் முள் ஓரிரு கிலோவில் நின்றுவிடும். பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள். காரணம் நெம்புகோல் கணக்கு. ராடின் அடிமுனையை வயிற்றில் ஊன்றி, 30 செ.மீ. மேலே பிடித்திருக்கிறோம். லைன் அடிமுனையிலிருந்து 2.1 மீட்டர் தள்ளிப் போகிறது என்றால், மீன்மீது 3 கிலோ இழுவை செலுத்தக் கை 21 கிலோவைத் தாங்கியாக வேண்டும். ராடைத் தாழ்த்தி அடிப்பாகம்வரை வளையவிட்டால் அந்தத் தூரம் 90 செ.மீ. ஆகலாம். அப்போது அதே 3 கிலோவுக்குக் கைக்கு 9 கிலோ போதும்.

அந்த வளைவைத் தாங்குவதுதான் ராடுக்குக் கடினம். உள்ளீடற்ற குழாயை வளைத்தால் அதன் வட்ட வாய் நீள்வட்டமாக நசுங்கும். ஓர் எல்லைக்கு மேல் சட்டென்று மடிந்துவிடும். இதை 1927இல் பிரேசியர் என்ற ஆங்கிலேயர் கணக்கிட்டுக் காட்டினார். நீளவாக்கில் ஓடும் கார்பன் இழைகளால் மட்டும் இதைத் தடுக்க முடியாது. குறுக்கே சுற்றிய மெல்லிய இழைப்படலமும் வேண்டும். நல்ல ராடுக்கும் சாதாரண ராடுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலத்தில்தான் இருக்கிறது. உலோகக் கண் வைத்த ஃப்ளை வீசும்போது ராடில் மோதினால் அங்கே மயிரிழைக் கீறல் விழும். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. என்றைக்காவது பெரிய மீன் இழுக்கும்போது அதே இடத்தில் உடையும்.

மஸ்கி சிலசமயம் இரையைப் படகுவரை பின்தொடர்ந்து வரும். அப்போது ராடின் நுனியை நீருக்குள் அழுத்தி எட்டு வடிவத்தில் சுற்றுவார்கள். மீன் கவ்வும் நேரத்தில் வெளியே லைன் அநேகமாக இருக்காது. அதிர்ச்சி முழுவதையும் ராடுதான் வாங்க வேண்டும். நுனி இளகியும் அடி விறைத்தும் இருக்கும் ராடு இங்கே கைகொடுக்கும்.

தூர வீச்சில் சில அடிகள் குறைந்தாலும் அடிப்பலம் உள்ள ராடையே நான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். மீனைச் சீக்கிரம் அடக்க அது உதவும். போராட்டம் நீள நீள மீனின் தசைகளில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. விடுவித்த பிறகும் மீன் செத்துப்போகலாம். நீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறையும். நீர் 27 டிகிரி செல்சியஸை நெருங்கினால் மஸ்கி பிடிப்பவர்களில் பலர் ராடை எடுப்பதே இல்லை.