கோவலன் பொட்டலும் நகரத்து இடுகாடுகளும்

மதுரை மாநகரின் தென்மேற்கே, பழங்காநத்தத்தில், வீடுகளும் கடைகளும் நெருக்கிச் சூழ்ந்துவிட்ட கோவலன் பொட்டல், சிலப்பதிகாரக் கோவலன் கள்வன் எனப் பழிசுமத்தப்பட்டு வெட்டுண்ட இடம் என்று அப்பகுதி மக்களால் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. காப்பியக் கதையை மெய்ப்பிக்கவோ மறுக்கவோ மண்ணால் இயலாது என்றாலும், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1980ஆம் ஆண்டு வாக்கில் இங்கு நடத்திய அகழாய்வில் முதுமக்கள் தாழிகளும் மனித எலும்புகளும் வெளிப்பட்டமையால், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இது இறந்தோருக்கு ஒதுக்கப்பட்ட நிலமாக இருந்தது என்பது தெளிவாயிற்று. அண்மைக் காலத்திலும் அது இடுகாடாகவே பயன்பட்டு வந்துள்ளது. வயல்களும் தோப்புகளும் மனைகளாகப் பிரிக்கப்பட்டு நகரத்துக்குள் அடங்கிய பிறகும், செத்தவர்களின் நிலம் மட்டும் திறந்தவெளியாக எஞ்சியிருப்பது தமிழக நகரங்கள் பலவற்றில் காணக்கூடிய நிலைதான் எனினும், நகரின் பசுமையைப் பற்றிப் பேசுவோர் பூங்காக்களையும் கண்மாய்களையும் குறிப்பிடும் அளவுக்கு இடுகாடுகளைக் குறிப்பிடுவதில்லை.

முதுமக்கள் தாழி என்பது இறந்தவரின் உடலையோ, பிற இடத்தில் கிடத்திப் பின்னர் திரட்டிய எலும்புகளையோ வைத்துப் புதைப்பதற்கென்றே வனையப்பட்ட, தடித்த சுவரும் அகன்ற வாயும் குவிந்த அடியும் உடைய பெரிய மட்கலமாகும். அதனுடன் உணவுக் கலங்களும் இரும்புக் கருவிகளும் வைக்கப்படுவதுண்டு. இக்கலங்களில் மிகுதியாகக் காணப்படும் கருப்பு-சிவப்பு மட்கலம், சூளையில் கவிழ்த்துச் சுடும்போது காற்றுப் புகாத உட்புறம் கருத்தும், காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவந்தும் போவதால் இருநிறம் பெறுவது. மதுரைக்குத் தென்கிழக்கே கீழடி மக்களின் ஈமக்காடாகக் கருதப்படும் கொந்தகையில் 2020ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வுகளில் இத்தகைய தாழிகள் வரிசையாக வெளிவந்துள்ளன. தாமிரபரணிக் கரையில் 114 ஏக்கர் பரப்பில் விரியும் ஆதிச்சநல்லூர்ப் பறம்போ 1876ஆம் ஆண்டு முதலே அகழப்பட்டு வருகிறது. இவ்விரண்டும் ஊர்ப்புறங்களில் இருப்பதால் முழுமையாக ஆராயப்படும் வாய்ப்பைப் பெற்றன. நகரம் விழுங்கிய பழங்காநத்தத்துக்கு அந்த வாய்ப்புக் குறைவு.

பழந்தமிழ் நகரம் ஒன்றின் ஈமக்காடு எப்படித் தோற்றமளித்திருக்கும் என்பதற்கு மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை விரிவான சித்திரம் ஒன்றைத் தருகிறது. புகார் நகரத்து மதிலும் வாயில்களும் கொண்ட அந்த ஈமப்புறங்காட்டில் உடலைச் சுடுவோர், வெறுமனே இட்டுச் செல்வோர், குழிதோண்டிப் புதைப்போர், தாழ்ந்த அறையில் அடைத்து வைப்போர், தாழியில் கவிப்போர் என ஐவகை வழக்கினரும் அக்கம்பக்கமாகவே தத்தம் கடமையை முடித்ததாகக் காப்பிய ஆசிரியர் சாத்தனார் காட்டுகிறார். அதைவிடக் கவனத்துக்குரியது, அவர் அந்த இடத்தை மரங்களால் வகுத்திருப்பதாகும். தான்றியும் ஒடுவையும் உழிஞ்சிலும் ஓங்கி, சூரையும் கள்ளியும் அடர்ந்த பகுதியில் பேய்கள் கூடும் வாகை மன்றம். பறவைகள் தங்கும் விளாமரத்தடியான வெள்ளில் மன்றம். சுடலை நோன்பிகள் தீ மூட்டும் வன்னி மன்றம். மண்டையோடுகளைத் தொடுத்து வைக்கும் இலந்தையடியான இரத்தி மன்றம் என்று அவர் பெயரிட்டுக்கொண்டே போகும்போது, அச்சமூட்டுவதற்காக எழுதப்பட்ட பகுதியே வறண்ட நில மரங்களின் பட்டியலாகவும் அமைந்துவிடுகிறது. இவற்றில் எதுவும் அழகுக்காக நட்டு வளர்க்கப்பட்டதாகச் சொல்லப்படவில்லை; விறகுக்கும் விளைச்சலுக்கும் மக்கள் நாடாத இடம் என்பதாலேயே அவை தழைத்திருக்க வேண்டும்.

ஐரோப்பிய வழக்கு இதற்கு நேர்மாறான வழியில் வந்தது. தேவாலய முற்றங்களில் பிணங்கள் அடுக்கடுக்காகப் புதைக்கப்பட்டு நோயச்சம் பெருகியபின், நகருக்கு வெளியே பூங்காவைப் போலத் திட்டமிட்ட கல்லறைத் தோட்டங்களை அமைக்கும் முறை உருவாயிற்று. பாரிசின் பெர் லஷேஸ் 1804இலும், அமெரிக்காவில் பாஸ்டன் நகரை அடுத்த மவுண்ட் ஆபர்ன் 1831இலும் இவ்வகையில் திறக்கப்பட்டன. லண்டனில் 1840இல் திறக்கப்பட்ட ஆப்னி பார்க், மரவகைகளைப் பெயரின் அகரவரிசைப்படி நட்டு ஒரு மரக்காட்சிச் சாலையாகவே அமைக்கப்பட்டது. நகரங்களில் பொதுப்பூங்காக்கள் பரவுவதற்கு முன்பு மக்கள் விடுமுறை நாளில் காற்று வாங்கப் போன இடங்களாக இவை இருந்தன. ஆங்கிலேயர் இந்தியாவுக்குக் கொண்டுவந்த கல்லறைகளில் கொல்கத்தாவின் 1767ஆம் ஆண்டுச் சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறை பெயர் பெற்றது. சென்னை நந்தம்பாக்கத்துப் போர்க்கல்லறை, காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் பராமரிப்பில், சீராக வெட்டிய புல்வெளியும் வரிசைக் கற்களுமாக இன்றும் அந்த மரபைக் காட்டுகிறது.

இந்த மாதிரியைத் தமிழக மயானங்களின் மேல் அப்படியே பொருத்துவது சரிவராது. கல்லறைத் தோட்டத்தில் வரலாறு கல்லில் எழுதப்பட்டுத் தரைக்கு மேல் நிற்கிறது. இங்கோ எரித்த சாம்பல் ஆற்றில் கரைக்கப்படுகிறது, புதைத்த குழிமேடு சில மழையில் தணிந்து அதே இடத்தில் மற்றொருவருக்கு இடம் விடுகிறது, பெயர் பொறித்த சமாதி கட்டுவோர் சிலரே. எனவே இங்குள்ள வரலாறு மண்ணடுக்கில் இருக்கிறது. வாயிலில் பாடையை இறக்கி வைத்து உத்தரவு கேட்கும் அரிச்சந்திரன் கல், பால் தெளிக்கும் சடங்கு, வேம்பு, புங்கை, எருக்கு, ஆவாரை என்று தானே முளைத்த செடிகொடிகள் ஆகியவைதாம் மேற்பரப்பில் தெரியும் அடையாளங்கள். பார்ப்பவர் கண்ணுக்கு இது வெறும் பொட்டலாகப் படுவதே இதன் பெரிய ஆபத்து.

இந்நிலங்கள் தப்பியதற்கு வருவாய்த்துறைப் பதிவும் ஒரு காரணம். மயானப் புறம்போக்கு, அதாவது தனியார் பட்டாவுக்கு உட்படாமல் ஊரின் பொதுத்தேவைக்கென ஒதுக்கப்பட்ட அரசு நிலம் என்ற வகையில் பதிவானதும், பேய் பிசாசு பற்றிய அச்சமும், தீட்டு என்ற எண்ணமும் சேர்ந்து மனை வணிகத்தை இவற்றின் பக்கம் அண்டவிடாமல் பார்த்துக்கொண்டன. சாதிக்கொரு மயானம் என்ற வழக்கமே இவை பலவாகச் சிதறி இருப்பதற்கு மற்றொரு காரணம் என்பதையும் மறைப்பதற்கில்லை. வெட்கப்பட வேண்டிய ஒரு பிரிவினையின் விளைவாகவும் நகரத்துக்குத் திறந்தவெளி கிடைத்திருக்கிறது. சாதி வேறுபாடற்ற மயானம் உள்ள முன்மாதிரிச் சிற்றூர்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை வழங்கப்படும் என 2021இல் தமிழக அரசு அறிவித்தது. மயானங்கள் பொதுவாகி ஒன்றிணையும்போது கைவிடப்படும் நிலம் கட்டடமாகுமா, மரமாகுமா என்ற கேள்வி அப்போது எழும். இப்போதே அதற்கு விடை எழுதி வைப்பது நல்லது.

நகரம் பெருகும்போது இத்தகைய நிலம் எவ்வளவு எளிதாக இழக்கப்படும் என்பதற்குச் சிங்கப்பூர் எடுத்துக்காட்டு. 1922 முதல் 1973 வரை சீனர்கள் அடக்கம் செய்யப்பட்ட, ஏறத்தாழ ஒரு லட்சம் கல்லறைகளைக் கொண்ட புக்கிட் பிரவுன், காடாக மாறிப் பறவைகளின் புகலிடமாயிருந்தும், நெடுஞ்சாலை ஒன்றுக்காக மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் தோண்டி அகற்றப்பட்டன. மதுரையில் மாற்றம் இவ்வளவு பெரிதாகத் தெரியாமல் நடக்கிறது. தத்தனேரி போன்ற மயானங்களுக்கு எரிவாயு தகன மேடை வந்தது விறகையும் புகையையும் குறைத்த நல்ல ஏற்பாடுதான். ஆனால் மேடையைச் சுற்றிச் சிமென்ட் தளமும் வாகன நிறுத்தமும் வளர்வது எந்த மயானத்திலும் நேரக்கூடியது. அப்படி நேரும்போது மழைநீர் இறங்கும் மண் குறைகிறது. இன்னொரு பக்கம், கவனிப்பாரற்ற மயானங்களில் சீமைக் கருவேலம் மண்டி நாட்டு மரங்களை நெருக்குகிறது. அதை வேரோடு எடுத்துவிட்டு வன்னி, வாகை, விளா, இலந்தை ஆகியவற்றை நடுவதற்கு மணிமேகலையே போதிய சான்று.

பழங்காநத்தத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆதிச்சநல்லூரில் 2023இல் செய்ததுபோல, தாழிகள் கிடந்த குழிகளின் மேல் கண்ணாடித் தளம் அமைத்துக் காட்சியகமாக்க இங்கு எளிதில் இயலாது. பழைய ஈமக்காட்டின் மேல் வெட்டப்படும் ஒவ்வொரு புதிய குழியும், ஒவ்வொரு குழாய்ப் பள்ளமும், மரக்கன்றுக்கான குழியும்கூட ஒரு தாழியின் தோளைத் தட்டக்கூடும். ஆழ வேரோடும் மரங்களை ஓரங்களில் மட்டும் நட்டு நடுத்திடலைப் புல்லுக்கும் ஆவாரைக்கும் விட்டுவிடுவதும், மண்வெட்டி பிடிக்கும் மயானப் பணியாளருக்குக் கருப்பு-சிவப்பு மட்கல ஓடுகளை அடையாளம் காணப் பயிற்சி தந்து, கண்டவுடன் தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்ல வழி செய்வதும் மாநகராட்சி அதிகச் செலவின்றிச் செய்யக்கூடியவை.