மலைநாட்டுக் குழந்தைகளும் நீராட்டும்

"கூழானாலும் குளித்துக் குடி" என்பது தமிழர் இல்லந்தோறும் வழங்கும் முதுமொழி. வறுமை உற்றவிடத்தும் தூய்மையைக் கைவிடலாகாது என்பதே அதன் கருத்து. அதனைப் பழிப்பார் எவருமிலர். ஆயினும் அம்மொழி பிறந்த நிலம் எது என்பதைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். வெயில் காயும் சமவெளியிலே, ஆறும் ஏரியும் கிணறும் அருகிருக்க வாழ்ந்த மக்களின் வாய்மொழி அது. அங்கு நீராடுதல் கடமை மட்டுமன்று, இன்பமும் ஆகும்.

அம்மொழியைத் தம் மூட்டை முடிச்சுகளோடு சுமந்துகொண்டு, திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து நம் மூதாதையர் இலங்கையின் மலைகளில் ஏறினர். முதலில் கோப்பிக்காகவும், 1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்ட பின்னர் அதற்காகவும் அவர்கள் வந்தனர். வந்தவிடத்தில் வெயில் இல்லை, பனி இருந்தது. கடல் மட்டத்திலிருந்து அட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலும் உள்ளன. தை, மாசி மாதங்களின் விடியற்காலையில் நுவரெலியாப் புல்வெளிகளில் உறைபனி வெண்மையாகப் படிவதைக் கண்டோர் பலர். பழமொழி மாறவில்லை, நிலம் மாறிவிட்டது. இவ்விரண்டிற்குமிடையே அகப்பட்டுக்கொண்டவர்கள் குழந்தைகளும் அவர்தம் தாய்மாருமே.

ஒரு பாட்டியின் கேள்வி

நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர், அட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டப் பாடசாலையில் யான் உதவி ஆசிரியனாகச் சேர்ந்த புதிது. திங்கட்கிழமைதோறும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, நகமும் பல்லும் தலையும் பார்ப்பது வழக்கம். அது தென்மேற்குப் பருவமழைக் காலம், யூலை மாதம். இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் முழங்கால்வரை சாம்பல் பூத்த கால்களோடு நின்றான். கழுத்தில் அழுக்கு வரி. "போய்க் குளித்துவிட்டு வா" என்று அவனைப் பாடசாலைக்குக் கீழே இருந்த பீலிக்கு அனுப்பினேன். தூய்மையைக் கற்பித்துவிட்டதாகவே அப்போது நினைத்தேன். ஈரத் தலையும் நீல உதடுமாகத் திரும்பி வந்தவன், மாலைவரை பல் கிட்ட உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் அவன் வரவில்லை. மூன்றாம் நாள், தலையில் சாக்குக் கொங்காணியோடு அவனுடைய பாட்டி வந்து வாசலில் நின்றாள்.

"வாத்தியாரையா, கோவிச்சுக்காதீங்க. புள்ள அழுக்கா வந்தது தப்புதான். அவுங்கம்மா விடியக்காத்தால பெரட்டுக்குப் போறா, இருட்டுனப்புறந்தான் வாறா. மிலாறெல்லாம் மழையில நனைஞ்சு கெடக்கு, அடுப்பு பத்த மாட்டேங்குது. ஞாயித்துக்கெழம வெயிலு அடிச்சா நான் சுடுதண்ணி வச்சு ஊத்துவேன். மத்த நாளு மொகங் கை காலு கழுவி விடுவேன். நீங்க படிச்சவுக. சின்னப் புள்ளைக்கு எத்தன நாளைக்கு ஒருக்காத் தண்ணி ஊத்தணும்? நீங்களே சொல்லுங்க, அப்படியே செய்யுறேன்."

அவள் குரலில் சினம் இல்லை. அறிந்துகொள்ளவே கேட்டாள். எனக்கோ விடை தெரியவில்லை. "நாள்தோறும்" என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நின்றேன். அவ்விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

மருத்துவர் கூறும் விடை

இன்றைய மருத்துவ நூலோர் கூறுவது நம்மிற் பலருக்கு வியப்பளிக்கக்கூடும். பிறந்த குழந்தையை உடனே நீராட்டுதல் கூடாது என்பது அவர்தம் முதல் விதி. இருபத்துநான்கு மணி நேரமாவது கழிய வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகின்றது. 2022 ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலிலும் இதனை அது வலியுறுத்தியுள்ளது. சிசுவின் உடல் சிறிது. எடைக்கு ஒப்பத் தோலின் பரப்போ பெரிது. ஆதலின் உடற்சூடு விரைந்து வெளியேறிவிடும். பிறக்கும்போது மேனியில் ஒட்டியிருக்கும் வெண்ணெய் போன்ற பொருளை அழுக்கெனக் கருதித் தேய்த்து எடுப்பது தவறு. அது தோலைக் காக்க இயற்கை பூசிய பூச்சு. கொழும்பின் வெப்பத்திற்கே இவ்விதி வேண்டுமெனின், இலிந்துலையின் குளிருக்கு இது எத்துணை இன்றியமையாதது என்று கூற வேண்டுவதில்லை.

கொப்பூழ்க்கொடி உலர்ந்து விழும்வரை, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து எடுத்தாலே போதும். அதன் பின்னர், முதல் ஆண்டு முழுவதும் கிழமைக்கு மூன்று முறை நீராட்டுவது போதுமானது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் கருத்து. அடிக்கடி நீராட்டிச் சவர்க்காரம் தேய்ப்பின் மென்தோலின் இயற்கை எண்ணெய் நீங்கி, வறட்சியும் வெடிப்பும் உண்டாகும். ஆறு முதல் பதினோரு வயது வரையுள்ள சிறுவர்க்குக் கிழமைக்கு ஓரிரு முறையேனும் முழு நீராட்டு வேண்டும் என்றும், சேற்றில் விளையாடிய நாளிலும் வியர்த்த நாளிலும் தவறாது நீராட வேண்டும் என்றும் அந்நாட்டுத் தோல் மருத்துவக் கழகம் கூறுகின்றது.

ஆயின், நீராட்டாத நாளில் ஒன்றும் செய்ய வேண்டுவதில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. முகம், பால் வழியும் கழுத்து மடிப்பு, அக்குள், தொடையிடுக்கு, மலசலம் கழிக்கும் உறுப்புகள் ஆகிய இவற்றை நாள்தோறும் வெந்நீர்த் துணியால் துடைத்து, ஈரம் போக ஒற்றி எடுத்தல் கட்டாயம். அந்தப் பாட்டி, "மொகங் கை காலு கழுவி விடுவேன்" என்று சொன்னாள் அல்லளோ? படிப்பறியா அக்கிழவி செய்துவந்தது ஏறக்குறைய மருத்துவர் சொல்வதையே. தவறு என் பக்கம் இருந்தது.

ஒரு செய்தியை மட்டும் நேர்மை கருதிச் சொல்லுதல் வேண்டும். குளிர்ந்த நீர் தானே காய்ச்சலை உண்டாக்குவதில்லை, கிருமியே உண்டாக்குகின்றது. அச்சிறுவனின் காய்ச்சல் பீலியிலிருந்து வந்ததென்று துணிதல் அரிது. ஆயினும், உலர்ந்த மாற்றுடை இல்லாத பிள்ளையை மழைக்காற்றில் நனைத்து உட்கார வைத்தது கல்வியாகாது.

ஒரு வாளி வெந்நீரின் விலை

"வெந்நீர் வைத்து ஊற்றினால் என்ன?" என்று எளிதாகக் கேட்டுவிடலாம். மாணவர்கள் இதனை ஒரு கணக்காகவே செய்து பார்க்கலாம். பத்து லீற்றர் நீரைப் பதினைந்து பாகையிலிருந்து முப்பத்தெட்டுப் பாகைக்குச் சூடேற்ற 230 கிலோகலோரி வெப்பம் வேண்டும். நன்கு உலர்ந்த விறகு கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 3,500 கிலோகலோரி தரும் என்பர். ஆனால் திறந்த அடுப்பில் அதன் எட்டில் ஒரு பங்கு அளவே பாத்திரத்தைச் சேரும். எனவே ஒரு பிள்ளையை ஒருமுறை நீராட்ட அரைக் கிலோவுக்கு மேல் விறகு செல்லும். மூன்று பிள்ளைகளை நாள்தோறும் நீராட்டினால் கிழமைக்குப் பதினொரு கிலோ விறகும், இருநூற்றுப்பத்து லீற்றர் நீரும் வேண்டும். கிழமைக்கு மும்முறை எனின் ஐந்து கிலோ விறகும் தொண்ணூறு லீற்றர் நீரும் போதும்.

இக்கணக்கில் வராத செலவொன்று உண்டு. தேயிலை கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து மிலாற்றைக் கட்டித் தலையில் சுமந்து வருபவளும், பீலியிலிருந்து குடம் குடமாக நீர் கொண்டு லயத்துப் படி ஏறுபவளும் ஒருத்தியே. பகல் முழுதும் கொழுந்துக் கூடையைச் சுமந்தவளும் அவளே. மாலையில் அவள் காம்பராவுக்குத் திரும்பும்போது வெயில் சாய்ந்திருக்கும். குழந்தையை நீராட்டத் தகுந்த இளவெயில் வேளையோ அவள் மலையில் நின்ற வேளை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என அமைந்த பழைய லயக் காம்பராவில், ஆறேழு பேர் உறங்குமிடத்தில், காற்றுப் படாமல் குழந்தையை நீராட்ட மூலை எது? பலருக்கு அந்த இஸ்தோப்பே குளியலறை. அவள் குழந்தையை அழுக்காக வைத்திருக்கின்றாள் என்று எழுதுவோர், முதலில் இந்த அளவுகளை எழுதுதல் முறை.

அரசும் நிர்வாகமும் இதனை அறியாதன அல்ல. 1912 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் மருத்துவ வசதியைத் தோட்டங்களின் பொறுப்பாக்கியது. 1972, 1975 ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 ஆம் ஆண்டில் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. துணித் தொட்டில்கள் தொங்கிய பழைய பிள்ளைக் காம்பராக்கள் பலவிடங்களில் இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் என்னும் பெயர் பெற்றுள்ளன. பகலில் குழந்தை இருக்குமிடம் இதுவே. ஆகவே வெந்நீரும், காற்றடைத்த ஓர் அறையும், உலர்ந்த துவாயும் இருக்க வேண்டிய இடமும் இதுவே.

நீராட்டு ஓர் அன்பு

நீராட்டைத் தூய்மைக் கணக்காக மட்டும் கொண்டு நிறுத்துவதும் பிழையாகும். பெரியாழ்வார் தம் திருமொழியில், கண்ணனை நீராட அழைக்கும் யசோதையாகவே ஆகிவிடுகின்றார். நெல்லியிட்டுக் காய்ச்சிய நீரை நிரப்பி வைத்து, இன்று உன் பிறந்த நாள் என்றெல்லாம் சொல்லி, ஓடும் பிள்ளையை அவள் கெஞ்சி அழைக்கின்றாள். அவள் வைத்திருந்தது வெந்நீர் என்பதை நாம் கவனித்தல் வேண்டும். பிள்ளைத்தமிழ் பாடிய புலவரும் பெண்பாற் பருவங்களுள் நீராடலை ஒன்றாக வைத்தனர். ஔவையார் ஆத்திசூடியில் சனிக்கிழமை நீராடச் சொன்னதை எண்ணெய் முழுக்கு என்றே பெரியோர் பொருள் கொள்வர். ஆக, கிழமைக்கொரு பெருநீராட்டு என்பது நம் மரபுக்குப் புதியதன்று.

மலைநாட்டிலும் அவ்வன்பைக் காணலாம். ஞாயிற்றுக்கிழமை முற்பகல், வெயில் சற்றே முகங்காட்டும் வேளை, இஸ்தோப்பில் பாட்டி காலை நீட்டி அமர்ந்து, கணைக்கால்களின் மேல் குழந்தையைக் கிடத்தி, உள்ளங்கையில் எண்ணெய் தேய்த்து, கை கால் நீவி, பாடிக்கொண்டே நீர் வார்ப்பாள். அந்தப் பத்து நிமிடத்தில் குழந்தை பெறுவது தூய்மை மட்டுமன்று. அவள் கைமுறையில் நாம் மாற்றச் சொல்ல வேண்டியன சிலவே: மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுதல் வேண்டாம், மூக்கை வாயால் ஊதுதல் வேண்டாம், சாம்பிராணிப் புகை சிறு நுரையீரலுக்கு ஆகாது. பாத்திரத்தில் முதலில் தண்ணீரையும் பின்னரே வெந்நீரையும் ஊற்றி, முழங்கையால் சூடு பார்த்தல் வேண்டும். நீரருகே குழந்தையை ஒரு கணமும் தனியே விடலாகாது.

நீர் செய்யாதது

நீராட்டினால் தீராதவையும் உள. சொறி சிரங்கு கண்ட பிள்ளையைக் "குளிக்காதவன்" என்று ஏசுவது நம் பாடசாலைகளில் நெடுநாள் வழக்கு. சொறியை உண்டாக்குவது தோலுக்குள் வளை தோண்டி வாழும் நுண்ணுண்ணி. நெருக்கமாக உறங்கும் இடத்தில் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு அது பரவுகின்றது. நாள்தோறும் மும்முறை குளித்தாலும் அது போகாது. வீட்டிலுள்ளோர் அனைவரும் ஒரே வேளையில் மருந்து பூசி, உடைகளையும் போர்வைகளையும் வெந்நீரில் துவைத்தாலன்றித் தீராது. உலக சுகாதார நிறுவனம் 2017 ஆம் ஆண்டில் சொறியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பவலய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. நோயைப் புறக்கணித்தது போதாதென்று, நோயுற்ற பிள்ளையையும் நாம் புறக்கணித்து வந்தோம்.

முழு நீராட்டினும் மேலான பயன் தருவது கை கழுவுதல். மலங்கழித்த பின்னரும் உண்ணு முன்னரும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுவதால் வயிற்றோட்டம் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைகின்றது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இதற்கு ஒரு குவளை நீரும் ஒரு துண்டுச் சவர்க்காரமும் போதும், விறகு வேண்டுவதில்லை. திங்கட்கிழமை வரிசையில், "குளித்தாயா?" என்று கேட்கும் ஆசிரியர், "கை கழுவினாயா?" என்று கேட்டு, அதற்கு வேண்டிய நீரையும் சவர்க்காரத்தையும் பாடசாலை வாசலிலேயே வைப்பாராயின், அது பெருந்தொண்டாகும்.

அப்பாட்டி இன்றில்லை. அன்று நான் சொல்லாமல் நின்ற விடையை இன்று சொல்வதாயின் இவ்வாறு சொல்வேன்: "ஆத்தா, கைக்குழந்தைக்குக் கிழமைக்கு மூன்று முறை வெந்நீர் ஊற்றினால் போதும். ஓடியாடும் பிள்ளைக்கும் அவ்வளவே. சேற்றில் புரண்ட நாளில் மட்டும் கூட ஒருமுறை. மற்ற நாளில் நீங்கள் செய்து வந்ததையே செய்யுங்கள். மழை விடாத கிழமையில் ஒருமுறை தவறினால் அது குற்றமன்று. அவனைப் பீலிக்கு அனுப்பியதுதான் குற்றம், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்."