நெருக்கடி வருவதை இயந்திரம் அறியுமா?

14 ஆண்டுகள் ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி, 2021 டிசம்பர் 1-ஆம் தேதிதான் இரண்டு ரூபாயானது. சிவப்பு பாஸ்பரஸ், மெழுகு, அட்டை என எல்லாமே விலையேறியபோது, ஏழாயிரம்பண்ணை வட்டாரத்துச் சிறு ஆலைகள் அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டின. செயற்கை நுண்ணறிவு கைகொடுக்கக்கூடிய இடம் இதுதான். எப்படி? கொள்முதல் விலை, வெளியூர் ஆர்டர், வரவேண்டிய பாக்கி, குச்சி காயாத மழைநாட்கள் இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து, எது அசைந்தால் எது அசைகிறது என்று அது கற்கிறது. மெழுகை இப்போதே வாங்கலாமா, எந்த வியாபாரியின் பாக்கி இழுக்கும் என்பதைக் கைக்காசு வறளும் முன்பே சொல்ல முயல்கிறது. சிறு ஆலையில் ஏது இத்தனை கணக்கு என்று கேட்கலாம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் சேர்ந்திருக்கும் பில்களே நல்ல தொடக்கம்.

பட்டாசு வேறு கதை. தீப்பெட்டி தினமும் விற்கிறது. பட்டாசின் பெரும்பகுதி தீபாவளியை ஒட்டித்தான். 20 ஆண்டுக் கணக்கைக் கொடுத்தாலும் இயந்திரம் கண்டது 20 தீபாவளிதான். கற்க அது போதாது. மத்தாப்பில் பச்சை நிறம் தரும் பேரியத்துக்கு உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23-இல் தடை விதித்தது. முன்பு நடக்காத ஒன்றைப் பழைய கணக்கிலிருந்து எந்த இயந்திரமும் ஊகித்திருக்காது. அப்படியானால் பயனில்லையா? உண்டு என்றே நினைக்கிறேன். பாதி ஆர்டர் போனால் எத்தனை சனிக்கிழமை கூலி கொடுக்க முடியும் என்று தடை வருமுன்பே நூறு விதமாகப் போட்டுப் பார்க்கலாம்.