காந்தியின் பேனா இருந்த கை

தலைவரின் தனிச்செயலாளர் எந்தத் தேர்தலிலும் நிற்பதில்லை. ஆனால் எந்தக் கடிதம் தலைவர் கண்ணில் படும், யாருக்கு நேரம் கிடைக்கும், தலைவர் சொன்னது எந்தச் சொற்களில் வெளியே போகும் என்ற மூன்றும் அவர் மேசையில்தான் முடிவாகின்றன. அந்த மேசையில் எப்படி உட்கார வேண்டும் என்று கேட்டால், மகாதேவ தேசாயைத்தான் காட்டுவேன்.

குஜராத்தில் 1892-இல் பிறந்த தேசாய் சட்டம் படித்தவர். 1917-இல் காந்தியிடம் வந்து சேர்ந்தார். அடுத்த 25 ஆண்டுகள் அவருடனேயே இருந்தார். காந்தி பேசப் பேசக் குறித்துக்கொள்வார், கடிதங்களுக்கு வரைவு எழுதுவார், 'ஹரிஜன்' இதழைப் பார்த்துக்கொள்வார். குஜராத்தியில் காந்தி எழுதிய தன்வரலாற்றின் பெரும்பகுதியை ஆங்கிலமாக்கியவரும் இவர்தான். காந்தியின் குரல் என்று உலகம் கேட்டதில் பாதி தேசாயின் சொற்கள் வழியாகவே வந்தது.

காந்தி சேவாகிராமத்துக்குக் குடிபோன பிறகும் தேசாய் வார்தாவின் மகன்வாடியில் தங்கியிருந்தார். போக வர 11 மைல். விதர்ப்பாவின் கோடை வெயிலில், தபால்களைச் சுமந்துகொண்டு, தினமும் நடை.

பணிவிருந்தால் சொந்தப் புத்தி இருக்காது என்று நினைக்க வேண்டாம். 1921-இல் மோதிலால் நேருவின் 'இண்டிபெண்டண்ட்' நாளிதழுக்கு உதவ அலகாபாத் போயிருந்தார். அச்சுக்கூடத்தை அரசு முடக்கியதும், பத்திரிகையைக் கையால் எழுதிப் பிரதியெடுத்து வெளியிட்டு, சிறைக்கும் போனார். 1938-இல் கஸ்தூரிபாவும் தேசாயின் மனைவி துர்காபென்னும், ஹரிஜனங்களுக்குக் கதவடைத்திருந்த புரி ஜகந்நாதர் கோயிலுக்குள் போய்விட்டார்கள். காந்தி உடைந்துபோனார், எடுத்துச் சொல்லித் தடுத்திருக்க வேண்டியவர் நீதானே என்று தேசாய்மேல் வருத்தப்பட்டார். தேசாய் விலகிக்கொள்கிறேன் என்றார். காந்தி விடவில்லை. நடந்ததைத் தேசாய் 'ஹரிஜன்' இதழிலேயே எழுதினார். தன் வீட்டுச் சங்கடத்தைத் தன் கையாலேயே ஊரறிய எழுதிய செயலாளர் வேறு யார் இருக்கிறார்?

இதே நாற்காலி வேறு விதமாகவும் முடியும். ஜவாஹர்லால் நேருவிடம் 1946 முதல் இருந்த எம்.ஓ. மத்தாய்க்குப் பிரதமர் இல்லத்தில் பெரிய செல்வாக்கு. அதைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று புகார் கிளம்பியதும் 1959 ஜனவரியில் விலக நேர்ந்தது. செயலாளரின் அதிகாரம் முழுக்கத் தலைவரின் நம்பிக்கையிலிருந்து கிடைப்பது. அதைத் தட்டிக்கேட்கச் சட்டமன்றமோ வாக்காளரோ கிடையாது. தலைவரே கவனித்தால்தான் உண்டு.

1942 ஆகஸ்ட் 9 அன்று காந்தியோடு தேசாயும் கைதாகி, புனேயின் ஆகா கான் மாளிகையில் வைக்கப்பட்டார். ஆறு நாள் கழித்துக் காலையில் மாரடைப்பு. வயது 50. 1917 நவம்பரில் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பு, முந்தின நாளான ஆகஸ்ட் 14-உடன் நின்றுபோயிற்று. உடலைக் குளிப்பாட்டியவர் காந்தி. மாளிகை வளாகத்திலேயே தகனம் நடந்தது. 1944 மே மாதம் விடுதலையாகும் வரை, சமாதிக்குத் தினமும் பூ எடுத்துப் போனார் காந்தி.