கம்பிச் சக்கரத்தின் கோட்டம் எடுத்தல்

ஜவ்வாது மலையில் விளையும் சாமையும் புளியும் சந்தையை அடைய வேண்டுமானால் மலையிறங்கியே ஆக வேண்டும். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர் செல்லும் பாதையானாலும், காவலூர் வழியாக ஆலங்காயம் செல்லும் பாதையானாலும் வளைவுக்கும் சரிவுக்கும் குறைவில்லை. தலைச்சுமையாகவும் கழுதைச் சுமையாகவும் இறங்கிய சரக்கில் ஒரு பகுதி இன்று இருசக்கர வண்டியில் இறங்குகிறது. 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வண்டி வெளிவந்த நாள் முதல், சிறு குடியானவனுக்கும் நெசவாளனுக்கும் மொபெட்டே பார வண்டியாயிற்று. ஆரணிப் பக்கத்துத் தறிக்காரர் நூலும் பாவும் கொண்டுசெல்வதும் பெரும்பாலும் இவ்வகை வண்டியில்தான்.

ஓட்டுபவர் ஒருவர், பின்னால் இரண்டு மூட்டை, எதிரே கொண்டை ஊசி வளைவு. அவ்வேளையில் சக்கரம் பக்கவாட்டில் ஆடுமாயின் சரக்குக்கு மட்டுமின்றி உயிருக்கே கேடு நேரலாம். ஆகவே சக்கரத்தின் கோட்டத்தைக் கண்டறிவதும் களைவதும் நம் அங்கத்தினர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய விஷயமாகும்.

மெல்லிய கம்பி பாரம் தாங்குவது எவ்வாறு?

ஒற்றைக் கம்பியைத் தரையில் நட்டு அதன்மேல் அரை மூட்டையை வைத்தால் அது வளைந்துவிடும். ஆயின் அத்தகைய கம்பிகளே சக்கரத்தில் முழு வண்டியையும் சுமக்கின்றன. காரணம், கம்பிகள் யாவும் முன்னதாகவே இழுத்து இறுக்கப்பட்டிருப்பதுதான். பல வண்டிகளில் சக்கரத்திற்கு 36 கம்பிகளும், சிலவற்றில் 40 கம்பிகளும் இருக்கும். அவை ஹப்பின் இடப் பக்கத்திலிருந்தும் வலப் பக்கத்திலிருந்தும் மாறி மாறிப் புறப்பட்டு ரிம்மை இருபுறமும் இழுத்து நடுவில் நிறுத்துகின்றன. கம்பியை இழுத்து நிறுத்தும் இவ்வகைச் சக்கரத்தை 1808-இல் ஜார்ஜ் கேலி என்னும் ஆங்கிலேயர் கருதினார். கம்பிகளைக் குறுக்காகப் பின்னும் முறையை 1874-இல் ஜேம்ஸ் ஸ்டார்லி கொணர்ந்தார். இன்றும் அம்முறையே நிலவுகிறது.

நெசவாளருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. பாவில் சில இழைகள் தளர்ந்தால் துணி அவ்விடத்தில் தொய்யும். மிகுதியாக இறுகினால் இழை அறும். சக்கரமும் அப்படியே. தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் அசைந்து அசைந்து, ஹப்பின் அருகே வளைந்த கழுத்தில் முறிகிறது. ஒன்று முறிந்தால் அதன் பாரம் அண்டையிலுள்ளவற்றின்மேல் விழும். பின்னர் அவையும் முறியும்.

குறையைக் கண்டறிதல்

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரம் நிலத்தில் படாதவாறு செய்க. முதலில் டயரை இரு கைகளாலும் பற்றிப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். சக்கரம் முழுவதும் கடகடவென்று ஆடினால் குறை பேரிங்கில் இருக்கலாம். அதனைச் சீர்செய்யாமல் கம்பியைத் திருகுவது வீண்.

அடுத்து, ஒரு சிறு ஸ்பேனரால் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டுக. இறுகிய கம்பி கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். பிறகு போர்க்கில் ஒரு துண்டுக் கம்பியைக் கட்டி, அதன் முனை ரிம்மின் ஓரத்தை உரசாமல் நெருங்கி நிற்குமாறு செய்து சக்கரத்தை மெதுவாகச் சுழற்றுக. இடைவெளி பக்கவாட்டில் கூடிக் குறைந்தால் அது பக்கக் கோட்டம். முனையை ரிம்மின் விளிம்புக்கு நேராக வைத்துப் பார்க்கையில் ரிம் எழுந்து தாழ்ந்தால் அது வட்டக் கோட்டம். இவ்விரண்டிற்கும் 2 மில்லிமீட்டரையே எல்லையாகக் கையேடுகள் பல கூறுகின்றன.

இல்லத்திலேயே செய்யக்கூடியது

நிப்பிளைத் திருப்பும் போக்ஸ் சாவி ஒன்று தேவை. துருவேறிய நிப்பிளில் எண்ணெய்த் துளி விட்டு ஊறவிடுக. வலிந்து திருகினால் அதன் முனைகள் மழுங்கிப்போகும். டயர்ப் பக்கத்திலிருந்து நோக்குவதாக எண்ணிக்கொண்டு, கடிகார முள் செல்லும் திசையில் திருப்பினால் கம்பி இறுகும், எதிர்த்திசையில் தளரும்.

வட்டக் கோட்டத்தை முதலில் கவனிக்க வேண்டும். ரிம் மேடாக எழும் இடத்தில் இருபக்கக் கம்பிகளையும் சமமாக இறுக்குக. தாழும் இடத்தில் தளர்த்துக. பக்கக் கோட்டத்தில், ரிம் வலப்புறம் சாய்ந்தால் அவ்விடத்தில் இடப்புற ஹப்பிலிருந்து வரும் கம்பிகளை இறுக்கி, வலப்புறக் கம்பிகளை அதே அளவு தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்று போதும். திருப்பியபின் சுழற்றிப் பார்த்தே மறுபடியும் திருப்புக. அவசரப்பட்டு ஒரே கம்பியைப் பல சுற்றுத் திருகுவோரே நல்ல சக்கரத்தையும் கெடுக்கின்றனர்.

நிற்க. இறுக்கிய கம்பியின் முனை நிப்பிளைக் கடந்து உட்புறம் நீண்டால் டியூபைக் குத்திவிடும். ஆதலால் டயர் மாட்டிய நிலையில் அரைச் சுற்றுக்கு மேல் திருப்புதல் நன்றன்று. அதற்கு மேல் தேவைப்பட்டால் டயரையும் டியூபையும் கழற்றி, நீண்ட முனைகளை அரத்தால் தேய்த்து, ரிம் நாடாவை மீண்டும் ஒழுங்காக இட வேண்டும்.

கடைக்குக் கொண்டுசெல்ல வேண்டியவை

பல கம்பிகள் முறிந்திருத்தல், ரிம் நசுங்கியோ வெடித்தோ இருத்தல், ரிம் நடுவிலிருந்து முழுவதுமாக ஒருபுறம் ஒதுங்கியிருத்தல் ஆகியவை கைதேர்ந்த தொழிலாளியின் வேலை. அவரிடம் சக்கரத்தை மாட்டிச் சுழற்றும் தாங்கி உண்டு. கண்ணும் காதும் பழகியவை. வெடித்த ரிம்மைத் தட்டி நிமிர்த்தி மலைப்பாதையில் ஓட்டுவது ஒருபோதும் கூடாது. கூலிக்கு அஞ்சி அதனைத் தள்ளிப்போடுவோர் பின்னர் அதனினும் பெருஞ்செலவுக்கு ஆளாவர்.

மலைக் கிராமத்திலிருந்து கடை தொலைவாயிருப்பதால், ஊருக்கு ஒரு போக்ஸ் சாவியும் தாங்கியும் பொதுவில் வாங்கிவைத்து, இளைஞர் ஒருவர் இருவர் இவ்வேலையைப் பழகிக்கொள்வது பெரிதும் பயன்தரும். புதுக்கம்பி கோத்த சக்கரத்தைச் சில நாள் ஓட்டியபின் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்த்தல் அவசியம். அறுவடைச் சுமை தொடங்குமுன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, ஒவ்வொருவரும் தம் வண்டியின் கம்பிகளைத் தட்டிப் பாருங்கள். மந்தமாக ஒலிக்கும் கம்பி இருப்பின் மூட்டை ஏற்றுமுன் அதைச் சீர்செய்துவிடுங்கள்.