ஜானி ஹார்ட்மனின் தாழ்குரல்

ஜாஸ் என்றாலே முழக்கம் என்றெண்ணும் நண்பர்கள், 1963 மார்ச் 7-இல் நியூ ஜெர்ஸியில் பதிவான ‘ஜான் கோல்ட்ரேன் அண்ட் ஜானி ஹார்ட்மன்’ இசைத்தட்டைக் கேட்க வேண்டும். ஆறே பாடல்கள், யாவும் மெல்ல நடக்கும் காதல் பாட்டுகள்.

ஹார்ட்மனுடையது பாரிடோன் எனும் கனத்த குரல். கோல்ட்ரேன் வாசித்த டெனார் சாக்ஸபோனின் கீழ்ச்சுரங்களும் ஏறத்தாழ அதே அதிர்வெண்களில் ஒலிப்பவை. ஆகவே பாடகர் விட்ட இடத்தில் கருவி தொடங்கினால், இன்னொருவர் பேச்சைத் தொடர்வதுபோல் இருக்கிறது. (பாடப் புத்தகத்து ஒலியியலைவிட இது எனக்கு எளிதில் விளங்கிற்று.) எழுதப் படிக்கத் தெரியாத என் தாயார் கேட்டுவிட்டு, “யாரையோ சமாதானம் பண்றாரு” என்றார்.

சினாட்ராவுக்குக் கிட்டிய புகழ் இவருக்கு வாய்க்கவில்லை. 1983-இல், 60 வயதில் மறைந்தார். கிளின்ட் ஈஸ்ட்வுட் தம் படமொன்றில் இவர் பாடல்களைச் சேர்த்தது 1995-இல். அதன் பிறகுதான் பலர் இவர் பெயரைத் தேடினார்கள்.