மாலத்தீவில் ஒரு காஜியார்

மொராக்கோ தேசத்துப் பிரயாணி இப்னு பதூதா 1343-ல் மாலத்தீவில் வந்து இறங்கினார். ஜனங்கள் அவருடைய மதத்தினரே. ஆயினும் அரசு புரிந்தவள் கதீஜா என்னும் ராணி. கடைவீதியில் நாணயமோ சோழி! அதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். ஸ்திரீகள் இடுப்புக்கு மேல் துணியின்றி நடமாடியதைத்தான் சகிக்க முடியவில்லை. காஜி உத்தியோகம் கிடைத்ததும் மேலாடை உடுத்தும்படி உத்தரவிட்டார். ஊர் கேட்டால்தானே! தம் நியாயசபைக்கு வழக்காட வந்த பெண்களிடம் மட்டுமே அந்த உத்தரவு செல்லுபடியாயிற்று.

பிறிதொரு நாள் திருடன் ஒருவனுடைய கையைத் துண்டிக்கும்படி தீர்ப்பளித்தார். சபையிலிருந்த தீவினர் சிலர் மூர்ச்சித்து விழுந்துவிட்டார்கள். திடுக்கிடுவது வந்தவருக்கு மட்டுமே உரியதா, என்ன?

மறு வருஷமே மந்திரியோடு மனஸ்தாபம், கப்பலேறிவிட்டார். தீவுப் பெண்கள் சொந்த நாட்டைவிட்டு ஒருபோதும் வெளியேறுவதில்லை என்றும் தம் பிரயாண நூலில் குறித்திருக்கிறார்.